கைராஜாவும் காணாமல் போன மேல்தோலும்

நான் சொல்லப்போவது நூற்றுக்கு நூறு நடந்த கதை. என் சகலையின் கை மேல் சத்தியம். என் கை மேல் ஏன் சத்தியம் பண்ணவில்லை என்று கேட்காதீர்கள், எனக்கு அது வேலைக்கு வேண்டும். அப்புறம் இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சட்டையைப் பிடிக்கக் கூடாது. கொஞ்சம் ஊதித்தான் சொல்வேன். இந்த பஸ் டெப்போவில் என் பிழைப்பே டயருக்குக் காற்றடிப்பதுதான். காற்றில்லாத டயர் எந்த ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது? ரப்பர் நிஜம், காற்று என்னுடையது.

"எவ்வளவு ரப்பர், எவ்வளவு காத்து?" என்றான் சில்லறை. அவன் கண்டக்டர். சில்லறை கேட்டால் சண்டைக்கு வருவான் என்பதால் அந்தப் பேர்.

"பாதிக்குப் பாதி."

"அப்ப பொய்னு சொல்லிட்டுப் போயேன்."

"பொய்னு சொல்லிட்டா அப்புறம் யாருடா உக்காந்து கேப்பா? சொல்ல விடுடா," என்றார் டிரைவர். அவருக்கு ஹாரன் என்று பேர். பக்கத்தில் இருப்பவனிடம் பேசினாலும் அடுத்த ஊருக்குக் கேட்கும். ஓய்வறை பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தது பஸ் கழுவும் அக்கா. ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, காலை நீட்டி, டீயை ஊதிக்கொண்டிருந்தார். வண்டிக்கு பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதைக்கு நேரம் இருந்தது.

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், ஊருக்குள் இருக்கிற பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறான். ஓட்டுகிறேன் என்பது அவன் சொல்கிற சொல். ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறான், அவ்வளவுதான். அதையும் உள்ளே வருகிறவர்களே அமுக்கிவிட்டால் நல்லது என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறந்ததிலிருந்து அவன் தூக்கிய ஒரே பாரம் அவனுடைய கண் இமை. அதையும் மத்தியானத்துக்கு மேல் தூக்க மாட்டான்.

இப்படி வெயில் படாமல், தண்ணீர் படாமல், வேலை படாமல் வளர்த்த கை எப்படி இருக்கும்? முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு கிடையாது, ஒரு கீறல் கிடையாது, ஒரு மச்சம்கூட அங்கே குடியேற யோசித்திருக்கிறது. அந்தக் கையில் ஒரு ஈ உட்கார்ந்து வழுக்கி விழுந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"இது காத்துதானே?" என்றான் சில்லறை.

"ஈ உக்காந்தது நிஜம்."

அந்தக் கட்டடத்தின் கடைசி மாடியில் தோலைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிற கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே மெஷின் பார்க்கிற அம்மா தினமும் இவன் லிஃப்டில்தான் ஏறுவார். ஒரு நாள் பொத்தானுக்கு நீண்ட கையைப் பார்த்துவிட்டார். கையைக் கொஞ்ச நாள் ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டார். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. தந்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டானாம். புத்திசாலி.

அந்த ஆராய்ச்சி என்னவென்று அந்த மேடம் பிற்பாடு எனக்கே பொறுமையாகச் சொன்னார். தோலை நாம் ஒரே துணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லையாம். அடுக்கடுக்காக இருக்கிறதாம். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது செத்துப்போன தோல். செத்ததாக இருந்தாலும் காவல் அதுதான். அதைத் தாண்டி எதுவும் சட்டென்று உள்ளே போய்விடாது. கையில் ஒரு களிம்பைப் பூசினால், அது அந்தக் காவலைத் தாண்டி எத்தனை நேரத்தில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் இவர்கள் வேலை. அதற்காகத் தோலை வெட்டுவது கிடையாது, ஊசி குத்துவது கிடையாது. மெஷின் மூக்கைக் கையில் வைத்தால் வெளிச்சம் உள்ளே போகும், பட்டுத் திரும்பி வரும். திரும்பி வந்த வெளிச்சத்தை வைத்து, கேக்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி தோலின் படம் திரையில் வரும். களிம்பு இறங்க இறங்கப் படம் மாறும்.

"வலிக்குமா?" என்று கேட்டார் அக்கா.

"வலிச்சா அவன் போயிருப்பானா அக்கா?"

மேடம் வைத்த நிபந்தனை சின்னது. சோதனை வரைக்கும் இடது கையில் சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, வெயில் கூடாது, அழுத்தித் தேய்க்கக் கூடாது. இடது கை மட்டும். வீட்டுக்கு வருவதற்குள் என் சகலை அதை இரண்டு கைக்கும், கழுத்துக்கும், முதுகுக்கும் நீட்டிவிட்டான். அன்றைக்கு நான் அவனுக்கு வைத்த பேர்தான் கைராஜா.

இங்கே என் மச்சினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் கழுவுகிற பாத்திரங்கள். சோப்புத் தண்ணீரிலேயே ஊறி ஊறி, விரலிலிருந்து முழங்கை வரை தோல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு நாள் கழுவி வைத்த தட்டில் ரத்தம் இருந்ததை மேற்பார்வைக்காரர் பார்த்துவிட்டார். "கை ஆறினப்புறம் வாம்மா. இடம் வெச்சிருக்கேன். ஆனா ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது," என்று அனுப்பிவிட்டார். டாக்டர் ஒரு மருந்து கொடுத்து, "கை தண்ணியிலயே படக்கூடாது, பட்டா இது ஆறவே ஆறாது" என்று சொல்லிவிட்டார். அப்படியானால் வீட்டில் இருக்கிற நாலு பாத்திரத்தை யார் கழுவுவது? வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். அதில் ஒருவன் கைராஜா.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது ராஜா நாற்காலியில் சாய்ந்திருந்தான். இடது கைக்குத் தனியாக ஒரு தலையணை.

"வா சகல. கதவை மெதுவா சாத்து, கையில காத்து அடிக்குது."

என் மச்சினி சமையலறையில் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு தட்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். பை ஓட்டையாகி உள்ளே தண்ணீர் தளும்பியது.

"ஏம்மா, டாக்டர் தண்ணி படக்கூடாதுன்னாரே?" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க மாமா. ரெண்டு வாரம், இந்தத் தட்டை மட்டும் கழுவிக் குடுங்கன்னு கேக்கறேன். கையில விழாத குறையா கேட்டுட்டேன்."

"கையில விழுந்துடாத!" என்று பதறினான் அவன். "ஏன்டி, ஆராய்ச்சிக்குன்னு ஒதுக்கின கைடி இது. சோப்பு பட்டா உலகத்துல ஆராய்ச்சியே நின்னுடும்."

"வலது கையால கழுவேன்டா," என்றேன்.

"இடது கை ஆராய்ச்சியில இருக்கும்போது வலது கை பாத்திரம் கழுவினா நல்லாவா இருக்கு சகல? ரெண்டும் ஒரே உடம்புதானே."

இவனையெல்லாம் ஒரு மனுஷன் என்று கணக்கெடுத்துப் போகிறார்கள் பாருங்கள், அவர்களைச் சொல்ல வேண்டும். வீட்டில் கிடக்கிற பழைய நாற்காலிக்காவது நாலு கால் இருக்கிறது, உட்காரவாவது உதவும். இவன் அந்த நாற்காலிக்கும் பாரம்.

சோதனைக்கு முந்தின நாள்தான் ராஜாவின் மூளை வேலை செய்தது. வருஷத்துக்கு ஒரு தடவை செய்யும், அன்றைக்குப் பார்த்து செய்தது. மேடம் "படம் எடுக்கப் போறோம்" என்று சொன்னாரில்லையா? படம் என்றால் இவனுக்குத் தெரிந்தது ஸ்டூடியோவில் எடுக்கிற படம்தான். படத்தில் கை பளபளவென்று விழ வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டான். குளியலறையில் என் மச்சினி குதிகால் தேய்க்கிற கல் ஒன்று வைத்திருப்பாள். வெடிப்பையே வழித்து எடுத்துவிடும் சொரசொரப்பு. அதை எடுத்து இடது கையைத் தேய்த்தான் பாருங்கள், பழைய பஸ்ஸுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் முன்னால் உப்புத்தாள் போடுவார்களே, அந்த மாதிரி.

"என்னங்க பண்றீங்க? தேய்க்கக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று இவள் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள்.

"சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாதுன்னாங்க. கல்லைப் பத்தி யாரும் பேசல. உனக்கு என்ன தெரியும் ஆராய்ச்சியைப் பத்தி? போய்ப் பாத்திரத்தைப் பாரு."

கை தக்காளிப் பழம் மாதிரி சிவந்து மின்னியது. ஆளுக்கு ஏகப்பட்ட பெருமை.

மறுநாள் மேடம் கையில் ஒரு வளையம் ஒட்டி, நடுவில் அந்தக் களிம்பை ஒரு துளி விட்டு, மெஷின் மூக்கை வைத்தார். களிம்பு கிணற்றில் போட்ட கல் மாதிரி இறங்கியது. மேடம் திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். மேலே இருக்க வேண்டிய காவல் தோலைக் காணோம்! மெஷின்தான் கெட்டுவிட்டதோ என்று தன் கையில் வைத்துப் பார்த்தார். அங்கே ஓடு வேய்ந்த மாதிரி அழகாகப் படம் வந்தது.

"கையில எதாவது தேச்சீங்களா?"

"நானா மேடம்? நான் பல்லே ஒழுங்கா தேய்க்க மாட்டேன்."

அதில் ஒன்று உண்மை.

"அப்ப உங்க வீட்டுத் தண்ணியில, சோப்புல எதாவது இருக்கணும். வீட்ல கூட இருக்கறவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க. அவங்க தோலையும் பார்த்துடலாம். இல்லேன்னா உங்க கையை இதுல சேர்க்க முடியாது."

சேர்க்க முடியாது என்றதும் ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. அந்தக் கூடத்தில் இவனுக்கு சாய்வு நாற்காலி, பிஸ்கெட், 'சார்' என்கிற மரியாதை எல்லாம் கிடைத்துக்கொண்டிருந்தது. லிஃப்டில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் தன் கையை வைத்துத்தான் மேலே மருத்துவமே நடக்கிறது என்று சொல்லி வைத்திருந்தான். இனி அதே ஸ்டூலில் அதே வாயோடு எப்படி உட்காருவது?

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியை வரச் சொன்னான். அவள் எனக்கு போன் பண்ணினாள்.

"மாமா, நீங்களும் கூட வாங்க. தனியா போனா, நான் பேச வேண்டியதையும் இவரே பேசிடுவாரு."

போனேன். சின்ன அறை. ஜன்னலில் கறுப்புத் திரை, மேஜையில் ஒரு மெஷின், அதிலிருந்து நீண்டு வருகிற குழாய், முனையில் கண்ணாடி. நான் டயரில் வைக்கிற முனையைவிடக் கொஞ்சம் பெரியது. என் மச்சினி சட்டையின் முழுக்கையைச் சுருட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும் மேடம் தன் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். வெடிப்பில்லாத இடமாகத் தேடி, மெதுவாகக் கண்ணாடியை வைத்தார்.

திரையில் படம் வந்தது. ஓடு பறந்துபோன கூரை. அங்கங்கே பள்ளம். துளி விட்டதும் அதுவும் கிடுகிடுவென்று இறங்கியது. மேடம் பக்கத்திலேயே கைராஜாவின் படத்தைப் போட்டுப் பார்த்தார். பள்ளம்தான் இல்லை. மற்றபடி இரண்டுக்கும் கூரை கிடையாது.

"உங்களுக்கு எதனால இப்படி ஆச்சு?"

"பாத்திரம் கழுவறேங்க."

மேடம் ராஜா பக்கம் திரும்பினார். "அப்ப நீங்களும் பாத்திரம் கழுவறீங்களா?"

அந்த நேரத்தில் அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்லை ஒப்புக்கொண்டால் நாற்காலி போச்சு, பிஸ்கெட் போச்சு, 'சார்' போச்சு. இல்லை என்றால் கை ஏன் இப்படி என்று மறுபடி கேள்வி வரும். எலிப்பொறிக்குள்ளிருந்து ஒரே ஒரு வழி தெரிந்தது, ஆள் அதில் தலையை விட்டான்.

"ஆமா மேடம். வீட்ல எல்லாப் பாத்திரமும் நான்தான் கழுவறேன். இவளுக்குக் கை முடியலல்ல."

எனக்கு இருமல் வந்துவிட்டது. என் மச்சினி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கல் வெளியே வந்திருக்கும். அவள் மடியிலிருந்த தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "அவருதான் கழுவறாரு. நான் கழுவறேன்னு சொன்னாக்கூட விட மாட்டாரு."

மேடத்துக்கு சந்தோஷம் தாங்கவில்லை. "சோப்பு கூடாதுன்னு நான் சொன்னது போகட்டும் சார். ஒரே வீடு, ஒரே தண்ணி, ஒரே சோப்பு! இப்படி ஒரு ஜோடி எங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அம்மா, நீங்க தண்ணியில கையே வைக்காதீங்க. டாக்டர் குடுத்த மருந்தை மட்டும் போடுங்க. மேல்தோல் எப்படித் திரும்ப வளருதுன்னு வாராவாரம் பார்க்கலாம். சார், நீங்க இப்ப செய்யறதை அப்படியே செய்ங்க. நிறுத்திடாதீங்க."

"எல்லாப் பாத்திரமுமா மேடம்?" என்றான் சார்.

"வழக்கம்போல."

"நடுவுல ஒரு நாள் ரெண்டு நாள் விட்டா..."

"விட்டா மேல்தோல் வளர ஆரம்பிச்சிடும். அது படத்துல தெரிஞ்சிடும் சார். பரவால்ல, விட்டா சொல்லிடுங்க. வேற ஆளைப் பார்த்துக்கலாம்."

வேற ஆள் என்ற சொல் வேலையைச் செய்தது. அன்று சாயங்காலமே ராஜா சமையலறைக்குள் போனான். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவை. எந்தப் பக்கம் குழாய் என்று கேட்டானாம். நான் பார்க்கப் போனபோது முழங்கை வரை நுரையோடு நின்று பாத்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். இந்தக் கேடுகெட்ட பயலுக்குப் பாத்திரம் கழுவத் தெரிகிறதா என்றால், இல்லை. ஒரு தட்டைக் கழுவி முடிப்பதற்குள் நான் நாலு டயர் கழற்றி மாட்டிவிடுவேன். என் மச்சினி அவனுடைய நாற்காலியில், அவனுடைய தலையணையில், தன் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கரண்டிய விட்டுட்டீங்க பாருங்க," என்றாள்.

"பார்த்தேன்டி, பார்த்தேன்!"

"அடியில பிசுக்கு இருக்கு. பரவால்ல, மேடத்துக்கு நல்லதுதான். இன்னொரு தடவை சோப்பு போடுங்க."

இப்போது மூன்று வாரமாகிறது. போன தடவை திரையில் அவள் கையின் மேல் மெல்லிசாக ஒரு கோடு வந்திருக்கிறது. மேல்தோல் திரும்ப முளைக்கிறதாம். வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு வருகிறது. இன்னும் இப்படியே கொஞ்ச நாள் போனால் கையைக் கொண்டுபோய் மேற்பார்வைக்காரரிடம் காட்டலாம். அவரும் இன்னும் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ராஜாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இப்போது நிஜமாகவே சோப்பில் வெந்துபோய் இருக்கிறது. பொய்யைக் காப்பாற்ற அதை உண்மையாக்குகிறான். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே உழைப்பு அதுதான்.

சில்லறை பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "உன் மச்சினிக்கு மாலை போடணும்யா!"

அக்கா சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்த முதல் படம் என்னாச்சு?"

"எந்தப் படம் அக்கா?"

"கல்லால தேச்ச கையோட படம். அதையும் பாத்திரம் கழுவின கைன்னுதானே அந்தம்மா எழுதி வெச்சிருக்கும்?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கென்னவா?" அக்கா தன் கையை விரித்துக் காட்டினார். பஸ் கழுவுகிற கை. விரலிடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிளந்திருந்தது. "நாளைக்கு அந்தக் களிம்பு எனக்குத்தான்டா வரும். இவ்வளவு பூசினா இவ்வளவு இறங்கும்னு அந்தப் படத்தைப் பார்த்துத்தானே கணக்குப் போடுவாங்க? ஒரு நாய் குதிகால் கல்லை வெச்சு விளையாடினதுக்கு நான் என் கையைக் குடுக்கணுமா?"

"அக்கா, ஒரே ஒரு படம்," என்றான் சில்லறை. "ஊர்ல எத்தனை கை இருக்கு, எல்லாத்தையும் பார்ப்பாங்க."

"நீ உன் கையைக் குடுடா அப்ப."

"அவ வாயைத் திறந்திருந்தா இந்நேரம் வேலை போயிருக்கும். அவளுக்கு யாரு சோறு போடுவா, நீயா?" என்றான் சில்லறை.

"நான் சொல்றேன்," என்று ஹாரன் அடித்தார் டிரைவர். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "கை ஆறி வேலைக்குப் போனப்புறம் சொல்லட்டும். அதுக்கு முன்னாடி சொன்னா அந்தப் பய அன்னிக்கே கரண்டியக் கீழ போட்டுடுவான்."

"அதுவரைக்கும் அந்தம்மா பொய்ப் படத்தை வெச்சுக்கிட்டு மண்டையை உடைச்சுக்கணுமா? உங்க வீட்டுப் பொம்பளையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"எங்க வீட்டுப் பொம்பளையா இருந்தா நானே பாத்திரம் கழுவியிருப்பேன்!"

"கிழிச்சீங்க! உங்க டீ கிளாஸை தினமும் யார் கழுவறா?"

ஹாரன் தன் டீ கிளாஸை மெல்ல எடுத்து பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். அக்கா ரப்பர் பூட்ஸை மாட்ட ஆரம்பித்தார். "அந்தக் கட்டடம் எங்க இருக்குன்னு சொல்லு. கடைசி மாடிதானே? நானே போய் அந்தம்மாகிட்டச் சொல்றேன்."

"அக்கா, அக்கா, பாதி காத்துன்னு முதல்லயே சொன்னேனே," என்று நான் குறுக்கே போனேன்.

"கல்லு காத்தா, நிஜமா? அதைச் சொல்லு!"

நான் வாயைத் திறப்பதற்குள் சில்லறை ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றான். "ஒருத்தி வேலையில மண்ணைப் போடறதுக்கு நான் விட மாட்டேன்!" என்றான். அக்கா ஒரு பூட்ஸைக் காலிலும் இன்னொன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தார்.

"நகருடா."

"மாட்டேன்."

"நகருடான்னா!"